உள்ளே அவர் தூங்குகிறார்

எதிர் அறையிலிருந்து அலறல்!

ரூம் கூட்டுகிற அம்மாவின் குரல். தொடர்ந்து ஒரு பக்கெட் படிக்கட்டில் தடதடவென்று உருண்டு இறங்கியது.

நர்ஸ் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஹேர்பின் பல்லிடுக்கில் அப்படியே நின்றது.

இன்று காலை பெரிய ஆஸ்பத்திரியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்தவளுக்கு...

கால் மணி நேரத்தில் அவள் கதவு தட்டப்பட்டது. தட்டலில் மரியாதை இல்லை.

சங்கிலியைக் கழற்றாமல் லேசாகத் திறந்தாள். கான்ஸ்டபிள்.

"உள்ள யாரும்மா?"

"அவர் தூங்கறார்."

"ராத்திரி வெளில எங்கயாவது போனாரா?"

"இல்லையே. பூரா என்கூடத்தான் இருந்தார்."

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை!

எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்த வித்தை. தனியாகப் போகிறவள் இருவர் தங்கும் அறையாக எடுக்க வேண்டும். வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடக்க வேண்டும். அவ்வப்போது சுவரைப் பார்த்து, "ஏங்க, சாப்பிட வாங்க" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். ரெண்டு நாளாக லாட்ஜில் ஒருத்தன் வாலாட்டவில்லை.

"அவரை எழுப்பும்மா. எதிர் ரூம் நகை வியாபாரியை எவனோ கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டான்."

நர்ஸ் சங்கிலியைக் கழற்றினாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பாத்ரூமைப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார்.

"எங்க உங்க வீட்டுக்காரர்?"

"இல்லை சார்."

"இல்லைன்னா? எங்க போனார்?"

"எங்கயும் போகலை. அப்படி ஒருத்தரே கிடையாது."

"காதுல பூ சுத்தாதீங்க. ராத்திரி பூட்டின கேட்டை எங்களுக்குத்தான் முதல்ல திறந்தாங்க. கொன்னவன் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான். உங்க வீட்டுக்காரரைக் காணோம். நான் என்னன்னு நினைக்கறது?"

அவள் உண்மையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவளுக்கே பொய் மாதிரி இருந்தது.

லாட்ஜ் மேனேஜர் குறுக்கே வந்தார்.

"அவர் இருமறதை என் காதால கேட்டிருக்கேன் சார். சிகரெட் இருமல்."

ரூம் கூட்டுகிற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பார்த்தேனே. நல்ல உசரம். லேசாத் தொப்பை. தங்கமான மனுஷன், என்னைப் பார்த்துச் சிரிச்சார்."

 ஊரே பார்த்துவிட்ட புருஷனை நர்ஸ் மட்டும்தான் பார்க்கவில்லை!

"சார், எங்க அக்காவைக் கேளுங்க. ப்ளீஸ்."

இன்ஸ்பெக்டர் அவள் போனிலேயே ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தங்கச்சி தனியாவா வந்திருக்காங்க?"

அக்காவின் குரல் உஷாரானது.

"தனியாவா? அவ வீட்டுக்காரர் கூடவே இருக்கார். ஆறடி ஆள். கராத்தே வேற."

"அக்கா, இது நிஜப் போலீஸ்க்கா. உண்மையைச் சொல்லு."

"கழுத்துல கத்தி வச்சு அப்படிச் சொல்லச் சொல்றானாடி? பயப்படாதே. மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு."

லைன் கட்டானது. மறுபடி அடித்தால் அக்கா எடுக்கவில்லை.

"உங்க குடும்பத்துல பொய் சொல்லத் தெரியாதவங்க நீங்க மட்டும்தான் போல," என்றார் இன்ஸ்பெக்டர். "நடங்க ஸ்டேஷனுக்கு."

அப்போதுதான் மொட்டைமாடிப் படியில் காலடிச் சத்தம்.

தோளில் துண்டோடு ஒருவன் இறங்கி வந்தான். உயரம். கொட்டாவி.

"என்னம்மா இது கூட்டம்? மாடியில காத்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள..."

"இவரேதான்!" என்றாள் ரூம் கூட்டுகிற அம்மா.

அவன் லேசாக இருமினான்.

"அதே இருமல் சார்," என்றார் மேனேஜர்.

நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இவர் யாருன்னே தெரியாது சார். என் பேரைக் கேளுங்க. சொல்லச் சொல்லுங்க."

அவன் அவள் பேரைச் சொன்னான். இனிஷியலோடு! அக்கா கூப்பிடும் செல்லப் பெயரையும் சொன்னான். "இன்னிக்கு ஆஸ்பத்திரியில சேரணும் சார். அந்த டென்ஷன்ல என்கிட்ட கோவிச்சுக்கிட்டா. நேத்து ராத்திரியிலேர்ந்து, நான் புருஷனே இல்லைங்கறா."

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார்.

"ராத்திரி பூரா இவர் கூடத்தான் இருந்தார்னு இந்தம்மாவே என்கிட்ட சொன்னாங்க சார்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"கொலைக்கேஸ் நடுவுல குடும்பச் சண்டை. கூட்டிட்டுப் போங்க சார்."

அவன் அவள் பையைத் தூக்கினான். இன்னொரு கையால் அவள் கையைக் கோத்துக்கொண்டான். அவள் விரல்களுக்கு அவன் நாடி தட்டுப்பட்டது. நிதானமாக அடித்தது.

காதருகே குனிந்தான்.

"பக்கத்துல பூட்டிக் கெடந்த ரூம்ல ரெண்டு நாளா இருந்தேன். சுவர் பேப்பர் மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போன்ல பேர் சொன்னது, அக்காகூட ஸ்பீக்கர்ல பேசினது, எல்லாம் கேட்டுச்சு. நீதான் பேசிட்டே இருந்தே... ஒரு தடவைகூட பதில் வரலை."

"சார், இவன்தான் கொன்னான்!"

"முதல்ல தூங்கறார்னீங்க. அப்புறம் புருஷனே இல்லைன்னீங்க. இப்போ கொலைகாரனா?" இன்ஸ்பெக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யோவ், இவங்களுக்குக் கேட்டைத் திறந்து விடுய்யா."

கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. தெருவில் யாரும் யாரையும் பார்க்காத காலைக் கூட்டம். அவள் கையை இழுத்தாள். பிடி இறுகியது.

பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் அக்கறையோடு வந்தது.

"அவர் கையை விடாமப் போங்கம்மா. கொன்னவன் இன்னும் மாட்டலை."