மெல்லச் சொன்னால் கேட்கும்

"கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில், மழைக்கு ஒதுங்கியிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

முதுகுக்குப் பின்னால் நின்ற ஆள் மட்டும் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் சக்கர நாற்காலியோடு சாய்தளத்தில் உருண்டு தெருவுக்கே போயிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"மழை பெய்யுதுங்க..."

"எனக்கும் கண்ணு இருக்கு. கேக்காம தள்ளுவீங்களா? நான் என்ன காய்கறி வண்டியா?"

"சரிங்க, கேக்குறேன். தள்ளட்டுமா?"

"பாதி தூரம் தள்ளிட்டு என்ன கேள்வி? தள்ளுங்க!"

சாய்தளம் என்று பெயர். அதன் மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். அந்தப் பெரிய வட்ட மண்டபத்துக்கு யார் வந்தாலும் போட்டோவில் அழகாகத் தெரிய வேண்டுமே... சக்கரத்தில் வருகிறவர்கள் தொட்டிகளைத் தாண்டிக் குதிக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு தொட்டியையும் காலால் ஒதுக்கி, நாற்காலியை மேலே கொண்டுவந்து தூண்களுக்கு அடியில் நிறுத்தினான்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த நீலச் சீருடை. இமையில் தொங்கிய ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் பரிதாபம் இல்லை. கேலியும் இல்லை. இப்படி ஒரு கண்ணா... என்று மனசு ஆரம்பித்ததும் அதை அதட்டி உட்கார வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மடியில் இருந்த ஊர் வரைபடம் பறந்து படிக்கட்டில் இறங்கி ஓடியது. அவள் யோசிக்கவே இல்லை. நாற்காலியிலிருந்து குதித்தாள். வழுக்கும் படிகளில் தாவித் தாவி இறங்கினாள். சேற்றில் விழப்போன வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, வெற்றியோடு திரும்பினாள்.

அவன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான்.

"நடப்பீங்களா நீங்க?"

"நடப்பேன், ஓடுவேன், தேவைப்பட்டா உதைக்கவும் செய்வேன்."

அவன் முகம் மாறியது. "எங்கப்பா கடைசி வரைக்கும் இதுலதான் உக்காந்திருந்தார். எழுந்திரிக்க முடியலையேன்னு அழுவார். உங்களுக்கு இது விளையாட்டுச் சாமானா?"

ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். ஆனால் விளக்கம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. யாராவது ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்துத்தான் பழக்கம்.

"அப்பாவுக்காக இவ்ளோ உருகறவர், ராம்ப்புல எதுக்குங்க பூந்தொட்டி அடுக்கி வச்சிருக்கீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை... வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மழைத்துளி கண்ணுக்குள்ளேயே தொங்கியது.

*

அலுவலகத்தில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர். பயணம் ஏற்பாடு செய்யும் சின்ன நிறுவனம் அது. வயதானவர்களுக்காக ஊருக்குள்ளேயே அவசரமில்லாத சுற்றுலா ஒன்று தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக இது எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். முட்டி வலிக்காரர்கள் பின்னால் நொண்டுவார்கள். கடைசியில் அவர்கள் ஊரில் பார்த்தது அந்தக் கொடியைத்தான்.

அவள் வேலை பார்க்கும் விதமே வேறு. செருப்புக்குள் சிறு கற்களைப் போட்டுக்கொண்டு நடப்பாள். முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். மூக்குக் கண்ணாடியில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பெயர்ப்பலகை படிப்பாள். சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து, அதிலேயே ஊர் சுற்றுவாள். மூச்சு வாங்கும் இடத்துக்கு முன்னால் சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறதா... மெதுவாகக் கடப்பவர் அந்தக் கரை சேரும்வரை பச்சை விளக்கு காத்திருக்குமா... கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்... உடம்பால் தெரிந்துகொள்ளாத எதையும் அவள் திட்டத்தில் எழுத மாட்டாள்.

"அந்த வட்ட மண்டபத்துக் குவிமாடத்தை மட்டும் விட்டுடும்மா," என்றார் மேனேஜர். "பஸ்ஸுல இருந்தே காட்டிடலாம். வயசானவங்க மேல ஏறி என்னத்த பாக்கப் போறாங்க?"

"வயசானா பாக்கணும்ங்கிற ஆசையும் சேர்ந்து போயிடுமா சார்?"

அவள் யாருக்காகக் கத்தினாள் என்பது மேனேஜருக்குத் தெரியாது. அம்மாவுக்காக.

அவள் அம்மா இந்த ஊரின் பாதிக் கட்டடங்களுக்குக் கலவை சுமந்தவள். சாரத்தில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தது. கட்டி முடித்துக் கண்ணாடி மாட்டியதும், அதே கட்டடத்து வாசலில் காவலாளி அவளை நிறுத்தி, "யாரும்மா நீ?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மகளைப் படிக்க வைத்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. முதல் கோபக்காரியும் அவள்தான்.

சோதனைப் பயணத்துக்கு ஊழியர்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வரலாம் என்றதும், அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"அந்த உருண்டைக் கூரைக்குள்ள போய் நிக்க முடியுமாடி? கீழ இருந்து பாத்துப் பாத்தே கழுத்து வலிச்சுப்போச்சு."

வாழ்நாளில் எதையும் கேட்காதவள் கேட்ட ஒன்று. அதற்குப் போய் 'பஸ்ஸிலிருந்து பார்' என்று எப்படிச் சொல்வது?

மழையில் நனைந்த மறுநாளே மண்டபத்துக்குப் போய் விசாரித்தாள். மேல் மாடத்துக்கு ஒரு லிஃப்ட் உண்டாம், சாமான் ஏற்ற. "லிஃப்ட்டுகிட்ட கேளுங்க," என்றார்கள். லிஃப்டைப் பராமரிக்கிறவனுக்கு அதுவே பட்டப்பெயர். இயந்திர அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கிரீஸ் படிந்த கையோடு நின்றது... நேற்றைய மழைத்துளி.

"ஓ... இன்னைக்கு நடந்தே வந்துட்டீங்களா?" என்றான்.

நாற்காலியைக் கையோடு தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கற்கள் போட்ட செருப்பு, கட்டிய முட்டி, அம்மா... சொல்லச் சொல்ல அவன் கையிலிருந்த ஸ்பேனர் அசையாமல் நின்றது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்தே கேட்டிருக்கலாமே?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அந்த லிஃப்டுல மனுஷங்களை ஏத்த அனுமதி இல்லைங்க. விளக்கு, வாளி, துடைப்பம்... அவ்ளோதான். சட்டம்."

"துடைப்பம் மேல போய்ப் பாக்கலாம். எங்கம்மா பாக்கக் கூடாது. நல்லா இருக்குங்க உங்க சட்டம்!" குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினாள். "இந்தாங்க, இந்த நாற்காலியை இங்கயே விட்டுட்டுப் போறேன். இதுல உக்காந்து உங்க மண்டபத்தை நீங்களே சுத்திப் பாருங்க. அப்புறம் சட்டம் பேசலாம்!"

*

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அவனும் வரவில்லை. வர வேண்டும் என்று யார் அழுதார்கள்... யாருமில்லை. ஆனால் நீலச் சட்டை எது கண்ணில் பட்டாலும் கழுத்து தானாகத் திரும்பியது. கழுத்தைத் திட்டினாள்.

ஒரு மாலை, தூறல் நேரம். பூங்காவில் எந்தப் பெஞ்சு எழுந்திருக்க வசதி என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையில் ஒரு காலி நாற்காலி உருண்டு வந்தது. பின்னால் அவன்.

பெஞ்சுக்கு முன்னால் நின்றான். உட்காரவில்லை.

"கேக்குறேன்... உக்காரலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள். "பொதுப் பெஞ்சு."

ஓரமாக உட்கார்ந்து உள்ளங்கைகளை விரித்தான். சக்கரம் தள்ளித் தள்ளி இரண்டிலும் கொப்புளம்.

"இன்னைக்கும் காலையில இருந்து மண்டபம் மூடுற வரைக்கும் உக்காந்து பாத்தேன். கதவுப் பிடி எட்டல. குழாய் எட்டல. தாகத்தோட உக்காந்து தண்ணியையே பாத்துட்டிருந்தேன். எங்கப்பா ஒரு நாளும் என்கிட்ட எட்டலைன்னு சொன்னதில்லைங்க... தாகமா இல்லைன்னுதான் சொல்லியிருக்கார்."

அவள் கைக்குட்டையை எடுத்து, கொப்புளத்தின் மேல் மெதுவாக வைத்தாள். தன் கை இவ்வளவு மெதுவாகவும் நகருமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அதிகாரிகளை வரவழைச்சு லிஃப்டைச் சோதிக்கச் சொன்னேன். கைப்பிடி, இருக்கை, அவசர மணி எல்லாம் போட்டாச்சு. கூட ஓர் ஆள் போனா பெரியவங்களை ஏத்தலாம்னு அனுமதி கிடைச்சிருக்கு. அந்த ஆள் நான்தான்."

"பூந்தொட்டி?"

"எங்க பெரிய அதிகாரி ரூம் வாசல்ல வரிசையா வச்சுட்டேன். இப்ப அவர்தான் தாண்டித் தாண்டிப் போறார்."

விழுங்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தே விட்டது. பட்டாசு மாதிரி.

*

பயண நாள் வந்தது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கைத்தடியோடு வந்த ஒரு தம்பதி, காது மந்தமான தையல்கார அம்மா, இன்னும் சிலர்... உட்கார்ந்து, பேசி, மறுபடி நடந்து, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். தொட்டிகள் இல்லாத சாய்தளத்தில் அம்மாவின் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஏறியது.

லிஃப்ட் கதவு திறந்தது.

அம்மா அண்ணாந்தாள்.

வானத்தைப் பிடித்துக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. கல்லுக்கு மேல் கல் சாய்ந்து, எதுவும் எதையும் விழவிடாமல், மேலே கண்ணாடி மூடிய ஒரே ஒரு வட்டக் கண்ணில் போய்ச் சேர்ந்தன. அந்தக் கண் வழியாக ஒளி ஒரு தூணாக இறங்கி, வெகு ஆழத்தில் தரையைத் தொட்டது. வெளியே பெய்த மழை உள்ளே ஒரு மூச்சாக மட்டும் கேட்டது. கைத்தடிக்காரர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தையல்கார அம்மா யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்.

அம்மா கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இவ்ளோ உசரத்துக்கு இந்தக் கல்லையெல்லாம் எவ சுமந்துட்டு வந்தாளோ... அவளை யாராவது கூட்டிட்டு வந்து காட்டினாங்களோ என்னவோ."

அவள் அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"இந்தச் சுவருக்கு ஒரு குணம் இருக்குங்க," என்றான் அவன் எல்லோரிடமும். "இங்க பேசினா சுவரோட ஓடி எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்."

தலைமையாசிரியர் உடனே "ஹலோ!" என்று முழங்கினார். இரைச்சல்தான் எழுந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"கத்தினா குழம்பிடும் ஐயா. மெல்லச் சொன்னாதான் கேட்கும்."

பெரியவர்கள் சுவரோரம் சுற்றிலும் போட்ட இருக்கைகளில் பரவி உட்கார்ந்தார்கள். அவன் அவள் பக்கம் வந்து, காது சிவக்க, "நீங்க... எதிர்ப்பக்கம் அந்தச் சன்னல்கிட்ட போய்ச் சுவர்ல காதை வைங்க. ஒண்ணு சொல்லணும்..." என்று சொல்லிவிட்டு ஓடியே போனான்.

அவள் அம்மாவையும் தள்ளிக்கொண்டு சன்னலுக்கு வந்தாள். அதற்குள் தையல்கார அம்மா கண்ணாடியைக் காணோம் என்று கைகாட்டிக் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் இங்கயே இரும்மா," என்று ஓடினாள். கண்ணாடி அவர் தலை மேலேயே இருந்தது. திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மாவின் காது சுவரில். முகமெல்லாம் பூ. விரலை உதட்டில் வைத்து மகளை அடக்கிவிட்டு, சுவருக்குள் குசுகுசுத்தாள்.

"தம்பி... அவ இங்க இல்ல. நான் அவங்கம்மா. நல்லாத்தான் சொன்னீங்க. இப்ப வந்துட்டா, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

எதிரே, சுவரைப் பார்த்து நின்றிருந்த நீலச் சட்டை துள்ளிக் குதித்தது.

"என்னம்மா சொன்னார்?"

"எனக்குச் சொன்னதில்லையே அது. நீயே கேளு."

குளிர்ந்த கல்லில் காதை வைத்தாள். முதலில் மழை... பிறகு ஒரு மூச்சு... பிறகு, அவ்வளவு தூரத்தில் நிற்கிறவன், காதோரம் நிற்கிற மாதிரி...

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... உங்க கோபத்தையும் சேர்த்து. அந்தக் கோபத்துக்குப் பக்கத்துல ஓர் இடம் இருக்கா? கேட்டுட்டுதான் உக்காருவேன்..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், அலுவலகத்தில்... எங்கேயும் கத்தினால்தான் அவள் சொல் காதில் விழும். அப்படித்தான் அவள் இந்த உலகத்தைப் பழகியிருந்தாள். இத்தனை பெரிய கல் மலை ஒரு முணுமுணுப்புக்குக் காது கொடுக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

உதடு கல்லை உரசியது. பிறந்ததிலிருந்து இவ்வளவு மெல்லப் பேசியதில்லை அவள்.

"இருக்கு... உங்களுக்குத்தான் வச்சிருக்கேன். எனக்கும் பிடிச்சிருக்கு..."

எதிர்ப்பக்கம் அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டது தெரிந்தது. அதே நேரம் வலப்பக்கம் கைத்தடி ஒன்று தரையில் சந்தோஷமாகத் தட்டியது. இடப்பக்கம் தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்தார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வட்டம் முழுக்க, அத்தனை பெரியவர்களும் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கே தெளிவாக் கேட்டுச்சு!" என்றார் காது மந்தமான தையல்கார அம்மா.