மோரில் கலந்த பொடி

"இது என்ன பொடின்னு இப்பச் சொல்லணும் நீ."

விடிந்ததும் விடியாததுமாகப் பஞ்சம்மாள் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கையில், பருப்புப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தகர டப்பா. மோர்ச் செம்பும் கரண்டியுமாகப் பிடிபட்ட நாகலெட்சுமி செம்பை முந்தானைக்குள் மறைத்தாள்.

பஞ்சம்மாள் அவளுடைய கணவனின் அக்கா. தாயில்லாத தம்பி சோணைமுத்துவை வளர்த்து, அபிராமத்துப் பக்கம் இருந்த நிலத்தையும் காத்துக் கொடுத்தவள். ஏழு வயதாகியும் பேசாத தம்பி மகள் காளீஸ்வரியைப் பார்த்துப் பார்த்து, தம்பிக்கு இன்னொரு பெண் கட்டிவைக்கத் துடித்தாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். வளர்த்தவள் சொல்லை ஒருவன் தட்டினால், பெண்டாட்டி சோற்றில் இடுமருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். வயிற்றிலிருந்து அதை உறிஞ்சி எடுக்கிற ஆள் கடலாடிப் பக்கம் இருந்தார். அவரிடம் போகத் தம்பியைச் சம்மதிக்கவும் வைத்திருந்தாள்.

"பேச மாட்டேங்கிறா பாரு... சோத்துல வெசம் வச்சவளுக்கு வாய் எப்படி வரும்? ஏலே சோணை, வந்து பாருலே உன் பெண்டாட்டி லெட்சணத்த."

சோணைமுத்து வந்தான். டப்பாவைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"என்ன பொடி அது? சொல்லித் தொலையேன்."

அவனுக்கும் சந்தேகம். அதுதான் அவளைக் கொன்றது. ஆனால் சொன்னால் பிள்ளையின் மானம் போகும். காது குத்தின அன்று கோயிலில் காளீஸ்வரி பாவாடையிலேயே வெளிக்குப் போய்விட, சொந்தபந்தம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. பயத்தில் போய்விட்டாள் என்று அன்றைக்குச் சமாளித்த நாகலெட்சுமி, அது அடிக்கடி நடப்பதை யாருக்கும் காட்டவில்லை. ஊர் எழுமுன் கண்மாயில் அலசி, வைக்கோல் போருக்குப் பின்னால் காயப்போடுவாள். இதுவும் தெரிந்தால் கணவனுக்கு மறுகல்யாணம் நிச்சயம் என்று பயந்தாள்.

"உன் அய்யா வீட்டுக்குப் போ. பிள்ளை இங்கன இருக்கட்டும்" என்றாள் பஞ்சம்மாள்.

அப்போது உள்ளே காளீஸ்வரி அலறினாள். நெல் குலுக்கையின் விளிம்பில் வயிற்றை அழுத்தி, புறங்கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைக் கிறுக்கு என்றே அந்த வீடு சொல்லிப் பழகியிருந்தது.

நாகலெட்சுமி பின்பக்கம் ஓடினாள். இன்னும் அலசாத பாவாடையைக் கொண்டுவந்து நடுவீட்டில் போட்டாள்.

"வலிக்குது மதினி அதுக்கு... வெளிக்கிப் போக முடியாம வயிறு கல்லாக் கெடக்கு. உள்ள அடச்சுக்கிட்டு, சுத்திக் கசியுது. அய்யா வீட்டுக்குப் போனப்ப மருதையில காமிச்சேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக நெறயப் பேருக்கு இந்தக் கோளாறு இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாக. வெள்ளச் சோறு தவிர வேற எதத் திங்கிது அது? காயப் பாத்தாலே குமட்டுதே... அதான் நார்ச்சத்துப் பொடி குடுத்தாக. இது பேச வைக்காதாம். வயித்த லேசாக்குமாம். எனக்கு அது போதும் மதினி..."

டப்பாவை வாங்கிப் பொடியை மோரில் கலக்கினாள். பாதியை எல்லோர் முன்னாலும் தான் குடித்தாள். மீதியை மகளுக்குக் கொடுத்தாள். பிள்ளை சுவரைப் பார்த்தபடியே குடித்தது.

"கடலாடிக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க. எங்க வயித்துலயும் எடுக்கச் சொல்லுங்க."

சோணைமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "பிள்ளைக்கு என்னன்னு ஒருநாளும் நான் கேக்கலையே லெட்சுமி..." என்று அழுதான். அவமானத்தில் அவனால் மகள் பக்கம் திரும்பவும் முடியவில்லை.

பஞ்சம்மாள் குனிந்து அந்தப் பாவாடையை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தாள்.

"வேணாம் மதினி, நல்லா விடிஞ்சிருச்சு. எல்லாரும் நிப்பாக..." நாகலெட்சுமி பின்னாலேயே ஓடினாள்.

"நிக்கட்டும்."

குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். குடத்தை நகர்த்திய பக்கத்து வீட்டு மீனம்மாள், "யாரு துணி இது, அக்கா?" என்றாள்.

"எங்க காளி பாவாடை. பிள்ளைக்கு வயிறு சரியில்ல."

அலசிப் பிழிந்து, வீட்டுக்கு முன்னால் தெருவைப் பார்த்த கொடியில் விரித்துப் போட்டாள். நாகலெட்சுமியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"நாளைக்கு நான் கலக்குறேன். எத்தனை கரண்டி போடணும் ஆத்தா?"