தனித்தேர்வர்

உப்பளத்தில் பாத்தி மிதித்துவிட்டு விஜயலட்சுமி வீடு திரும்பியபோது காலை மணி பத்தாகியிருந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து அன்றுதான் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. வகுப்பில் இருக்க வேண்டிய மகள் பூவிழி, சீருடையோடு, பின்னிய ரெட்டைச் சடையோடு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஏன் போகவில்லை என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"போனேம்மா. என் பேரை எடுத்துட்டாங்களாம்... இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. என்ன தப்பு செய்தாளோ, யாரிடம் மாட்டிக்கொண்டாளோ என்று விஜயலட்சுமி பதறினாள். சேறு காய்ந்திருந்த கை, யோசிக்கும் முன்பே மகளின் கன்னத்தில் இறங்கிவிட்டது.

பூவிழி கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. "நீதாம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க," என்றாள்.

விஜயலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் கொழுந்தன் ஜெயசீலன் ஒரு காகிதத்தை நீட்டி, பூவிழியின் ஸ்காலர்ஷிப்புக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினான். அவன் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். அதே வீட்டில், அதே உலைச் சோற்றைச் சாப்பிடுகிறவன். அவள் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அவன் நீட்டியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பதினெட்டு வயதில் அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, ஜெயசீலன் தாயில்லாத பிள்ளையாக ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். கணவன் காசிலிங்கத்தின் கூலி வயிற்றுக்கு, அவளுடைய கூலி கொழுந்தன் படிப்புக்கு என்று அவளாகவே வகுத்துக்கொண்டாள். அவன் பி.எட். முடிக்கட்டும் என்று இரண்டாவது பிள்ளையைத் தள்ளிப்போட்டாள். அது தள்ளியே போய்விட்டது. அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்த அன்று, தானே பெற்றுப் படிக்க வைத்ததுபோல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

சேலையைக்கூட மாற்றாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

தலைமையாசிரியை கடுமையானவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். என் மகள் தனித்தேர்வராக எழுத விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் தர வேண்டுகிறேன் என்று ஜெயசீலனின் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. கீழே விஜயலட்சுமியின் கோணல் கையெழுத்து. போன வருடம் இரண்டு பேர் ஃபெயிலானதற்கு மாவட்டக் கூட்டத்தில் தன்னை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள் என்றார் தலைமையாசிரியை. பூவிழி அரையாண்டுக் கணக்கில் பதினான்கு மார்க். அவள் இருந்தால் நாற்பத்து மூன்றில் ஒன்று போகும்; இல்லாவிட்டால் நூறு சதவீதம். பெயர்ப் பட்டியலும் அனுப்பியாகிவிட்டதாம்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் ஜெயசீலன் வந்து வாசலிலேயே நின்றான்.

"வீட்ல போய் பேசிக்கலாம் அண்ணி."

"இங்கயே சொல்லு."

"என் சப்ஜெக்ட்டுல, என் வீட்டுப் பொண்ணே ஃபெயிலானா நான் எப்படித் தலை நிமிர்ந்து நிப்பேன்? அடுத்த வருஷம் நிதானமா எழுதட்டுமேன்னுதான்..."

விஜயலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "நீ பத்தாவதுல கணக்குல போனியே தம்பி, அப்ப உன் பேரை யாராச்சும் எடுத்தாங்களா? இவ அப்ப மூணு மாசக் குழந்தை. இவள இடுப்புல வச்சிக்கினு திண்டிவனம் வரைக்கும் உன்கூட வந்து, நீ திரும்ப எழுதி முடிக்கிற வரைக்கும் கேட்டாண்ட உக்காந்திருந்தேன். நூறு வரணும்னு உன்னையும் அன்னிக்குத் தள்ளியிருந்தா, நீ இங்க வாத்தியாரா நிப்பியா?"

அவன் கண் கலங்கியது. ஆனாலும் பட்டியலை மாற்ற முடியாது என்றுதான் சொன்னான்.

கலெக்டரிடம் மனு கொடு என்று உப்பளத்துப் பெண்கள் சொன்னார்கள். காசிலிங்கமோ தம்பி வேலைக்கு உலை வைத்துவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவளும் மனு கொடுக்கவில்லை. தன் வயிற்றைக் கட்டி வாங்கிக் கொடுத்த வேலையைத் தன் கையாலேயே பிடுங்க அவளால் முடியவில்லை.

அன்று சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அறைந்த கன்னத்தைத் தடவினாள்.

"அம்மா தெரியாம போட்டுட்டேன்டி... அடிக்கவும் அடிச்சிட்டேன். என்ன மன்னிச்சிடு."

அதுவரை அழாமலிருந்த பூவிழி அம்மாவின் மடியில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

தனித்தேர்வராக விண்ணப்பிக்க இரண்டே நாள் மிச்சமிருந்தது. திண்டிவனம் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கையோடு, விஜயலட்சுமி துணிமணிகளையும் நான்கு பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, மரக்காணத்தில் ஒற்றை அறை ஒன்றுக்கு மகளோடு குடிபோனாள். ஜெயசீலனின் மனைவி சங்கீதா வழிமறித்து அழுதாள். அவளிடம் கோபமில்லை என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். காசிலிங்கம் ஒரு வாரம் தம்பியோடு இருந்து பார்த்தான். எட்டாம் நாள் லுங்கி, துண்டோடு வந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மே மாதம் முடிவு வந்தது. பள்ளிக்கூடம் நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. பஸ் ஸ்டாப்பில் கட்டிய பேனரில் ஜெயசீலனின் படமும் இருந்தது. பூவிழி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். கணக்கில் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டு எந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கிலும் சேரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜெயசீலன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணியின் காலில் விழுந்தான். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணி. வீட்டுக்கு வந்துடுங்க," என்று குழந்தைபோல அழுதான். விஜயலட்சுமிக்கும் அழுகை வந்தது. வளர்த்த பிள்ளை. அவனைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு போட்டாள். மீன் குழம்பை அவனுக்குப் பிடித்த மாதிரி தாராளமாக ஊற்றினாள்.

"எப்ப வேணும்னாலும் வா, சோறு போடறேன். நாங்க அங்க வரல," என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தான். வெளியே போய்ச் செருப்பில் கால் நுழைக்கும்போது, அதுவரை உள்ளேயே இருந்த பூவிழி வாசலுக்கு வந்தாள்.

"சித்தப்பா, இந்த வருஷமும் யாரையாவது அனுப்பறதா இருந்தா, அவங்க அம்மாகிட்ட நேரா சொல்லிட்டு அனுப்புங்க."

ஜெயசீலன் வெயிலில் தலைகுனிந்து பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.