மூசையில் வராத தங்கம்

காலை ஆறரை. உருக்கும் மண்கிண்ணமான மூசையைக் கவிழ்த்ததும் கறுப்புக் கசடுதான் விழுந்தது. தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

மொராதாபாத்தில் பித்தளைப் பட்டறையை விற்றுவிட்டு, பழைய கம்ப்யூட்டர் அட்டைகளை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கக் கிளம்பிய புத்திசாலிகளில் முஸ்தகீமும் ஒருவர். நாலு மாதமாக மாதக் கடைசியில் குன்றிமணி அளவு தங்கம் வந்தது. அதை நம்பி வீட்டை அடமானம் வைத்து ஒரு லாரி அட்டை இறக்கிவிட்டார். இப்போது, பூட்டிய அறைக்குள் அட்டை ஊறிய அமில வாளிக்குக் காவல் படுத்திருந்த தம்பி சுபைரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

ஏழரைக்கு, முஸ்தகீம் கூப்பிட்ட பெண் சப்-இன்ஸ்பெக்டர் தோமர் வந்தார். நெடி தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தங்கத் தண்ணிய மாத்திட்டு வெறும் அமிலத்த ஊத்தி வச்சிருக்கான், மேடம். உள்ள தள்ளுங்க!" என்றார் முஸ்தகீம்.

"அமிலம் காய்ச்சுறதே குத்தம், பாய். இதுல திருட்டுப் புகார் வேறயா? பூட்டு?"

"உடையல."

"ஜன்னல்?"

"கிடையாது."

"வாளியில கை வச்சது?"

"நாங்க ரெண்டு பேருந்தான். நேத்து பகல் பூரா மொட்டை மாடி வெயில்ல நின்னு கலக்கினோம்."

"கையக் காட்டுங்க."

நாலு கைகளும் அமிலம் பட்டு மஞ்சளாக வெந்திருந்தன. காட்டிய கையோடு முஸ்தகீம் மறுபடி தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

"உருக்குறது யாரு?"

"என் வீட்டுக்காரி சாபிரா. ராசியான கை, அவ கையில பரக்கத் இருக்கு. மூசைய அவ மட்டுந்தான் தொடுவா."

கதவோரம் நின்ற சாபிராவின் மூக்கிலும் காதிலும் துளை தூராமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"நகை எங்கம்மா?"

"புகைக்குக் கறுத்துடும்னு பெட்டியில வச்சிருக்கா," என்றார் முஸ்தகீம்.

"பெட்டியத் திறங்க."

சாபிரா அசையவில்லை. தோமருக்கு அது போதுமாயிருந்தது.

"தம்பி திருடல, பாய். இந்த மாதிரிப் பட்டறை எத்தனையோ பிடிச்சிருக்கேன். தங்கம் கரைஞ்ச தண்ணி விரல்ல பட்டு வெயில்ல நின்னா ஊதாக் கறை விழும். உங்க கையில வெறும் மஞ்சள். வாளியில தங்கமே இல்ல. அட்டைய வித்தவன் தில்லியிலயே தங்கத்தச் சுரண்டிட்டுத்தான் உங்க தலையில கட்டியிருக்கான். இதுவரைக்கும் மூசையில தங்கம் போட்டது இவங்க."

சாபிரா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மொதத் தடவ கசடுதான் வந்துச்சு. வெளிய இவரு, 'வரலேன்னா ஆத்துல விழுந்துருவேன்'னு தம்பிகிட்ட சொல்லிட்டிருந்தாரு. கம்மலப் போட்டுட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. போன மாசம் மூக்குத்தி. அதோட சரி."

முஸ்தகீமின் கை தம்பியின் சட்டையிலிருந்து தானாக நழுவியது. இனி அந்த வீட்டில் விற்க ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் அன்புதான் அவர்களை முழுசாக மூழ்கடித்தது.

"மேடம், திருட்டுன்னே எழுதிக்குங்க," என்றார் முஸ்தகீம்.

"எதுக்கு?"

"திருடு போச்சுன்னா, வாளியில தங்கம் இருந்துச்சுன்னு ஆகுமில்ல?"

தோமர் பேனாவை மூடப் போனார்.

"திருடன்னு என் பேரையே போட்டுக்குங்க மேடம்," என்றான் சுபைர்.