கேரியர் மேல் இரண்டு பலகைகள்

தாரணிக்குப் பத்து வயது. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் ஆற்றைப் பார்க்கலாம். கடலைப் பார்க்க மலையிறங்கி மங்களூர்வரை போக வேண்டும்.

அவள் அப்பா முனிராஜ் வாடகைக் கார் ஓட்டுபவர். கார் அவருடையது அல்ல, முதலாளி மல்லப்பனுடையது. தசரா விடுமுறையில் மங்களூருக்கு ஒரு சவாரி வந்தது.

"வர்றவங்க ரெண்டே பேர். பின்னாடி உட்காருவாங்க. முன் சீட்டு சும்மாதான் கிடக்கும். நீயும் வா கண்ணு," என்றார் அப்பா. மல்லப்பனும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

அன்று காலை மைசூரின் மண்டி மொஹல்லா பகுதியில் அந்த வெள்ளை அம்பாசடர் பக்கத்தில் தாரணி புதுப் பாவாடையோடு நின்றாள். இரண்டு ஆட்டோக்கள் வந்தன. ஒன்றிலிருந்து உயரமான ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். இன்னொன்றில் ஒரு மரப்பெட்டியும், ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட இரண்டு பலகைகளும் இருந்தன.

"இஸ்திரி போடற பலகையாப்பா?"

"இவ்வளவு பெரிசாவா? தசரா யானைக்கா சட்டை தேய்க்கப் போறாங்க?" என்று சிரித்தார் அப்பா.

வெள்ளைக்காரர் கையை அலை மாதிரி ஆட்டினார். பிறகு இரண்டு கால்களையும் அகட்டி, விழுவதுபோல் தள்ளாடிக் காட்டினார். தாரணிக்குப் புரிந்துவிட்டது. அலை மேல் நின்று போகும் பலகை!

"பலகை மேலே. டிக்கி நிறைய அவங்க பைங்கதான். பெட்டியை முன் சீட்டில வெச்சுடு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார், வண்டியை அனுப்பிவைக்க வந்திருந்த மல்லப்பன்.

தாரணி முன் கதவைப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டு அவளுடையது அல்லவா?

அப்பாவுக்கும் அது தெரியும். கார் கூரை மேல் இருந்த கேரியரில் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் பெட்டியை வைக்கப் பார்த்தார். "நோ, நோ!" என்று பதறினார் வெள்ளைக்காரர். பலகை பார்க்கத்தான் பெரிது. கனமான பெட்டி ஏறினால் நசுங்கிவிடும்.

தாரணி காரைச் சுற்றி வந்தாள்.

"அப்பா, பலகைங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா பாதி கேரியர் மிச்சமாகும். அங்க பெட்டியை வைக்கலாமே?"

"ஒண்ணோட ஒண்ணு உரசுமே!"

"நடுவில நம்ம கம்பளியைப் போடலாம்."

அவளே கேரியர் மேல் ஏறிக் கம்பளியை விரித்தாள். அப்பா பலகைகளையும் பெட்டியையும் வைத்துக் கட்டினார். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பலகைகளின் முனை முன்கண்ணாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கடியில காத்து புகுந்தா பட்டம் மாதிரி தூக்கிடும்பா. முன்னாடியும் கட்டணும்."

அப்பா இன்னொரு கயிற்றால் முனையை முன் பம்பரோடு இழுத்துக் கட்டினார்.

தாரணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்போது மல்லப்பன் தன் மச்சான் சித்தையனோடு வந்தார்.

"பாத்தியா, சீட்டு காலியாயிடுச்சு! மச்சானுக்கும் மங்களூர்தான். பாப்பா, நீ இறங்கும்மா. பேகா, பேகா! சீக்கிரம்!"

"சார், பாப்பாவுக்குச் சொல்லியிருந்தேன்..." என்றார் அப்பா.

"அடுத்த தடவை கூட்டிட்டுப் போ."

"நான் நடுவில ஒடுங்கி உட்கார்ந்துக்கறேன்," என்றாள் தாரணி.

சித்தையன் ஒருவரே ஒன்றரை ஆள் இடத்தை அடைப்பார். "அப்புறம் உங்கப்பா கியரை எப்படிப் போடுவார்?" என்று கேட்டார் அவர்.

தாரணி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்தபடி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். மல்லப்பன் சொன்னதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவள் இறங்கினாள்.

அப்பா வண்டியைக் கிளப்பப் போனார். சித்தையன் தன் சூட்கேஸை மேலே தூக்கிப் போட்டார். அதைக் கட்டக் கயிறு வேண்டும். கைக்கு எட்டிய ஒன்றை அவிழ்த்துக் கட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

கார் நகர்ந்தபோதுதான் தாரணி கவனித்தாள். பம்பரில் கட்டிய கயிற்றைக் காணோம். அது சூட்கேஸைச் சுற்றியிருந்தது. பலகைகளின் முனை மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது.

'பறந்து போகட்டும்' என்று நினைத்தாள். ஒரு நொடிதான். நெடுஞ்சாலையில் காருக்குப் பின்னால் யாராவது சைக்கிளில் வந்தால்?

"அப்பா! நிறுத்துங்க!"

அவள் ஓடினாள். தெருவை அடைத்துக்கொண்டு ஒரு தள்ளுவண்டி நின்றதால் கார் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. தாரணி மூச்சிரைக்க மேலே கையைக் காட்டினாள்.

இறங்கிப் பார்த்த அப்பாவின் முகம் வெளுத்தது. சூட்கேஸை அவிழ்த்துச் சித்தையனிடம் நீட்டினார்.

"மடியில வெச்சுக்குங்க சார்."

"மங்களூர் வரைக்குமா?"

"மங்களூர் வரைக்கும்," என்றார் அப்பா. இப்போது அவர் குரல் தாழவில்லை.

வெள்ளைக்காரரும் மனைவியும் தாரணியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அப்பா கயிற்றை மறுபடி கட்டிவிட்டு அவள் அருகே வந்தார்.

"அடுத்த தடவை கண்டிப்பா..."

"அடுத்த தடவைன்னு சொல்லாதீங்கப்பா."

அப்பா அவள் தலையைத் தடவினார். "சரி கண்ணு. சொல்லல," என்றார்.

கார் போய்விட்டது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அனுப்ரியா நின்றிருந்தாள். "நீ இன்னும் போகலையா? வகுப்பு முழுக்கச் சொல்லிட்டு வந்தியே!"

காய்ச்சல் என்று சொல்லலாம். கார் ரிப்பேர் என்று சொல்லலாம். தாரணி இரண்டையும் சொல்லவில்லை.

"என் சீட்டில வேற ஒருத்தர் உட்கார்ந்துட்டார். ஆனா கேரியர்ல சாமான் அடுக்கினது நான்தான்."

அனுப்ரியா சிரிக்கவில்லை. "கார் மேலயே ஏறினியா? அங்கிருந்து என்ன தெரிஞ்சது?"

"சாமுண்டி மலை."

"கடல்?"

"கடல் தெரியலை," என்றாள் தாரணி. பாவாடை நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஒரு கயிறு கொண்டா. காத்தடிச்சாலும் அவிழாம எப்படிக் கட்டறதுன்னு காட்டறேன்."

அனுப்ரியா, தன் அம்மா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துவரக் கொல்லைக்கு ஓடினாள்.