ஒரு நிமிட நிசப்தம்

"மோ, ஃப்ரிட்ஜ்!" என்று மாடிப்படிக்கு அடியிலிருந்து கணவர் கிளைவ் கத்தினார்.

அவர் 'மோ' என்று அழைக்கும் மாரீன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தாள். ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. கார் சாவியை எடுத்து அதற்குள் வெண்ணெய்த் தட்டில் வைத்தாள். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்தாலும், வெளியே கிளம்பும்போது சாவிக்காக அதைத் திறந்துதானே ஆகவேண்டும்? வானொலி நாட்களில் கிளைவ் கற்றுவந்த தந்திரம் அது.

"சாவி உள்ள இருக்கா?"

"இருக்கு. போய்ப் படி. உன் மந்திரி காத்துக்கிட்டிருக்கார்."

"அவர் செத்து முப்பது வருஷமாச்சு. அவருக்கென்ன அவசரம்?"

கதவு சாத்திக்கொண்டது. வாழ்நாளெல்லாம் பத்திரிகையிலும் வானொலியிலும் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு தான் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை ஒவ்வொன்றாகத் தன் குரலிலேயே ஒலிப்புத்தகமாக்கிக்கொண்டிருந்தார்; இப்போது ஒரு மந்திரியின் முறை. பழைய கோட்டுகள் கிடந்த அந்தச் சாமான் அறையில் சத்தம் புகாமலிருக்க நான்கு பக்கமும் ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கோடு உட்கார்ந்துகொள்வார்; அப்படியும் ஃப்ரிட்ஜின் முனகல் பதிவில் ஏறிவிடும். வாசிப்பில் தவறினால், நாய் பழக்குபவர்கள் வைத்திருக்கும் கிளிக்கரை ஒருமுறை அழுத்துவார். லண்டனில் ஒலியைச் சீர்செய்யும் ஷோனாவின் திரையில் அது முள் மாதிரி தெரியும். பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பார். சமையலறைக்குக் குரல் வராது. 'டக்' மட்டும் வரும்.

அந்த அக்டோபர் நாளில் வெகுநேரம் 'டக்' வரவில்லை. இன்றைக்குத் தப்பே விடாமல் படிக்கிறார் என்று உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடி மாரீன் சந்தோஷப்பட்டாள்.

டிசம்பரில் லண்டனிலிருந்து ஷோனா அழைத்தாள்.

"மாரீன், ஒரு சின்ன உதவி. கடைசி அத்தியாயத்துல தப்பெல்லாம் வெட்டின இடத்தை ஒட்டணும். அதுக்கு அந்த அறையோட நிசப்தம் ஒரு நிமிஷம் வேணும். தினமும் முடிக்கிறப்ப அவரே பதிஞ்சு அனுப்புவார். அன்னைக்கு..."

"தெரியும். பழசு ஒண்ண வச்சுக்கக்கூடாதா?"

"போட்டுப் பாத்துட்டேன். கடைசி நாள் மைக்கை நகர்த்தியிருக்கார், ஒட்டல. கிறிஸ்மஸுக்குள்ள முடியலன்னா, மொத்தப் புத்தகத்தையும் ஒரு நடிகரை வச்சுப் படிக்கவைக்கப்போறாங்களாம்."

நடிகர்! குரல் கரகரக்கிறது என்று பதிப்பகம் சொன்னபோது, "அந்த மந்திரியோட நான் குடிச்ச விஸ்கிதான் கரகரக்குது" என்று சண்டை போட்டுத் தன் குரலை வைத்துக்கொண்டவர் கிளைவ். எவனோ ஒருவன் வழவழப்பான தொண்டையோடு "நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது" என்று படிப்பதா?

மாரீன் ஃப்ரிட்ஜை அணைத்தாள். கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் திணித்தாள். ஷோனா போனில் சொன்னபடி பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வரவேற்பறையில் நின்றாள். பிறகு அனுப்பினாள்.

"மூச்சு கேக்குது," என்றாள் ஷோனா. "நீங்க வெளிய வந்துடுங்க."

"வெளியதான் இருந்தேன்."

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

இரண்டாவது முறை தோட்டத்தில் மழையில் நின்றாள். செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கும் ஷோனா திருப்தியடையவில்லை. "இப்ப காகிதம் திரும்புற சத்தம். ஏதாவது அசையுதா உள்ள?"

உள்ளே காகிதமே இல்லை. அவருடைய தாள்களை எல்லாம் மாரீன்தான் பெட்டியில் போட்டு மாடிக்கு ஏற்றியிருந்தாள். எரிச்சலோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பிரெண்டா வாயில் பிஸ்கட்டோடு திறந்தாள்.

"உன் டிவிய ஒரு அஞ்சு நிமிஷம் அணைச்சு வையேன்."

"என் டிவி போன வாரமே புட்டுக்கிச்சு. நான் சுவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், நிகழ்ச்சி நல்லாவே இருக்கு." மாரீனின் நனைந்த கூந்தலைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "வா, உள்ள வந்து ஒரு டீ குடி."

"நேரமில்ல."

மூன்றாவது பதிவுக்கு ஷோனாவின் பொறுமை போயிருந்தது. "மாரீன், தயவுசெஞ்சு அந்தக் கிளிக்கரை அழுத்தாதீங்க."

"எந்தக் கிளிக்கர்?"

"அவரோடதுதான். ஒரு டக். அப்புறம் யாரோ படிக்க ஆரம்பிக்கிற மாதிரி மூச்சிழுக்கிறாங்க."

அந்தக் கிளிக்கரைச் சவப்பெட்டியில், அவருடைய கோட்டுப் பையில், மாரீனே போட்டு அனுப்பியிருந்தாள். இரண்டும் அவரோடு எரிந்து சாம்பலாகிவிட்டன.

போனை வைத்தாள். நான்கு மணிகூட ஆகவில்லை, ஜன்னலுக்கு வெளியே தெரு கருத்துவிட்டது. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஊமைபோல் கிடக்கும் ஒரு சின்ன அறை ஒரே ஒரு நிமிடம் ஊமையாக இருக்கமாட்டேன் என்கிறதே என்ற கோபம். இந்த முறை ஃப்ரிட்ஜை அணைக்கக்கூட இல்லை. அது பாட்டுக்கு உறுமட்டும் என்று விட்டுவிட்டு, தானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தி, அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ரஜாய்களில் அவருடைய இருமல் மருந்தின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் இருந்தன. காதுக்குள் அவளுடைய ரத்தம் ஓடும் சத்தம், அங்கியின் சரசரப்பு, தூரத்தில் ஃப்ரிட்ஜின் முனகல். அதற்கும் அடியில், மைக்குக்கு மிக அருகில், ஈரமான உதடுகள் பிரியும் சத்தம்.

அவளுடைய வாய் மூடியிருந்தது.

"கிளைவ், நீயா?"

டக்.

நாற்காலிக்குப் பின்னால் ரஜாய் மட்டும்தான். அதற்குப் பின்னால் சுவர்.

"கிளைவ். நீதானா அது?"

டக்.

அவளுக்குப் புரிந்தது. தப்பு. முதலிலிருந்து சொல்.

"கிளைவ், நீ செத்துட்ட."

டக்.

"அக்டோபர்ல. இதே நாற்காலியில."

டக்.

"நான்தான் கதவைத் திறந்தேன். உன் கை சில்லுனு..."

டக். டக். டக்.

என்னதான் சொல்லவேண்டும்? எதைச் சொன்னால் சரி? ஒவ்வொரு நாளும் இந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டதையே கேட்டாள்.

"டீ போடட்டுமா?"

அவள் காத்திருந்தாள்.

டக் வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒரு முழு நிமிடம், ஒரு மூச்சுகூட.

வெளியே வந்தாள். பதிவை அனுப்பினாள். சமையலறை இருட்டில் நிற்கும்போதே போன் ஒலித்தது.

"இதுதான் மாரீன்! நீங்க பேசுனதை எல்லாம் வெட்டிட்டேன். டீயான்னு கேட்டதுக்கப்புறம் அப்படியே சுத்தமா இருக்கு. புத்தகம் அவர் குரல்லயே வந்துடும். ஃப்ரிட்ஜையும் சரியா அந்த நேரத்துல அணைச்சுட்டீங்க, நல்ல வேளை."

போன் காதிலேயே இருந்தது.

முனகல் இல்லை. எப்போது நின்றது? சுவர்ப்பக்கம் கைநீட்டினாள். சுவிட்ச் அணைந்திருந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. பால் வாசனை. இருட்டுக்குள் விரல்களால் தடவினாள். முட்டை. ஜாம் பாட்டில். வெண்ணெய்த் தட்டு.

சாவி.

காரைப் போன மாதமே விற்றுவிட்டாள். பிரெண்டாவின் மருமகன் கையில் சாவியைத் தானே கொடுத்தாள். அதே சாவி, அதே தேய்ந்த தோல்வார்.

அவளுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், கதவு மெதுவாக உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

"மாரீன்? இருக்கீங்களா?" என்றாள் ஷோனா.

மாரீன் போனை அணைத்தாள். ஃப்ரிட்ஜ் கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். சுவிட்சைத் தொடவில்லை. கிளைவ் படிக்கும்போது அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடாது.