வளைவுக்கு இரண்டு ஹாரன்

ஏழாவது வளைவில், அவள் இரண்டாவது ஹாரனை அடித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

பின்வண்டியை ஓட்டிவரும் அண்ணன் அப்படி அவசரப்படுகிற ஆள் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டாலே கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்து வருவார். பரவாயில்லையே, இன்றைக்காவது சுறுசுறுப்பு வந்ததே என்று நினைத்துக்கொண்டு அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

ஹாரன் விதி அவள் போட்டதுதான். பதினோரு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், சொந்தக் குடும்பத்தை விட்டுவைப்பாளா? மலையில் இரண்டு வண்டி சேர்ந்து போனால், முன்னால் போகிறவர் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை அடிக்க வேண்டும், 'திரும்பறேன், வர்றியா?' என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஒரே தடவை அடிக்க வேண்டும். 'எல்லாம் சரி, நீ போ.' அந்தப் பதில் வராமல் முன்வண்டி நகரவே கூடாது. அண்ணி இதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் எல்லாரும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்கள்.

காலையில் இந்தப் பக்கத்துக் கடலோரத்திலிருந்து இரண்டு வண்டிகளும் கிளம்பின. மலையைத் தாண்டி, இருட்டுவதற்குள் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போய்விட வேண்டும். அங்கே துறைமுகத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிற கணவன் காத்திருக்கிறான். ஆறு வயது மகள், வீட்டில் எல்லாருக்கும் 'வாலு', காலையிலேயே இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கடலில் ஊற்றப்போகிறாளாம். வழியெல்லாம் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை.

ஆறாவது வளைவுக்குப் பக்கத்தில் காட்சிமுனை. எல்லாரும் இறங்கினார்கள். கீழே தாங்கள் வந்த சாலை வெள்ளைக் கோடாக, அதற்கும் அப்பால் காலையில் விட்டுவந்த கடல் மெல்லிய பளபளப்பாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, கடலை மறைத்தது, சாலையை மறைத்தது, கைப்பிடிச் சுவரையும் மறைத்தது. மணி மூன்றுதான். ஆனாலும் விளக்கைப் போட வேண்டியதாயிற்று.

"அம்மா, நான் மாமா வண்டில வரேன்மா. அத்தைகிட்ட மிட்டாய் இருக்கு."

"ஓடு, ஓடு. என் காது கொஞ்ச நேரம் ஓயட்டும்."

திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு ஹாரன் அடித்தாள். ஒன்று பதில் வந்தது. கிளம்பிவிட்டாள். கிளம்புமுன் கண்ணாடி பார்க்காத மாணவர்களைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் ஃபெயில் ஆக்குகிறவள் அவள்.

எட்டாவது வளைவு. பதில் உடனே வந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் ஈரமாக, தண்ணீருக்குள்ளிருந்து அடித்ததுபோல இருந்தது. மூடுபனியில் அப்படித்தான் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஈர மண்ணும் சூடான பிரேக்கும் கலந்த வாடை உள்ளே வந்ததால் ஜன்னலை ஏற்றினாள். வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து முனகியது.

ஒன்பதாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் இரண்டு விளக்குகள், இரண்டும் பளிச்சென்று. அண்ணன் வண்டியில் இடது விளக்கு மங்கல். போன வாரமே மாற்றச் சொல்லித் திட்டியிருந்தாள். மாற்றிவிட்டார் போலிருக்கிறது. ஆனால் காலையில் சுரங்கப்பாதையில் பார்த்தபோது மங்கலாகத்தானே இருந்தது?

பத்தாவது வளைவு. அவள் கை இன்னும் ஹாரனுக்குப் போகவில்லை. அதற்குள் பதில் வந்தது.

வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த விளக்குகளும் குறைத்தன. கூட்டினாள். கூட்டின.

பதினோராவது வளைவில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது.

இரண்டு தடவை.

அடித்துவிட்டுக் காத்திருந்தது.

அவள் பதில் ஹாரன் அடிக்கவில்லை. அப்போது போன் அடித்தது. அண்ணன்.

"எங்கம்மா இருக்கே? எவ்வளவு நேரமா போடறேன், லைனே கிடைக்கல."

"உனக்கு முன்னாலதாண்ணா போயிட்டிருக்கேன். எதுக்கு ரெண்டு தடவை அடிச்சே?"

"நான் எங்க அடிச்சேன்? வண்டி ஸ்டார்ட்டே ஆகல. பேட்டரி செத்துப்போச்சு. ஹாரன்கூட வேலை செய்யல. நாங்க இன்னும் காட்சிமுனையிலயேதான் நிக்கறோம்."

வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பியது.

"அப்போ... வாலு?"

"என்ன கேக்கறே? பாட்டிலை மறந்துட்டேன்னு உன் வண்டிக்குத்தானே திரும்பி ஓடினா. கதவு சாத்தற சத்தம்கூட கேட்டுச்சே." அண்ணனின் குரல் இறங்கியது. "உன்கூடதானே இருக்கா?"

அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

பாட்டில் மட்டும் படுத்துக் கிடந்தது.

லைன் அறுந்துபோனது. பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. பின்னால் வந்தது நிற்கவில்லை. மெதுவாக ஒதுங்கி, அவள் கதவைத் திறக்க முடியாதபடி ஒட்டி, பக்கத்தில் வந்தது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. அவள் வண்டியின் அதே பலகை. அதே எண். ஸ்டியரிங்கில் இரண்டு கை, அவள் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, கடிகார முள்போலப் பத்து மணியிலும் இரண்டு மணியிலும். அதே கொண்டை. அதே நீலச் சால்வை. முகம் மட்டும் திரும்பவில்லை.

அந்தத் தோளில் பின்னாலிருந்து தொங்கிக்கொண்டு, வாயில் மிட்டாயை அதக்கியபடி, வாலு.

இவளுடைய கை கண்ணாடியை அறைந்தது. குழந்தை திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு நின்றது. சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தாண்டியும் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அந்தக் கார்ல இருக்கறவங்க ஏன் உன்னை மாதிரியே இருக்காங்க? எனக்குப் பயமா இருக்கும்மா."

"அங்க பாக்காதே கண்ணு. முன்னால பாரு."

அது இவளுடைய குரல்.

அந்தக் கார் முன்னேறியது. பன்னிரண்டாவது வளைவின் வாயில், மூடுபனிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள். நின்றன. ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

நின்றுகொண்டே இருந்தன. பதிலுக்காக.

விதி அவள் போட்டதுதான்.

நில் என்று கத்தினாள். மூடுபனி அதை விழுங்கிவிட்டது. குழந்தையைக் கூப்பிட வேண்டும், எப்படியாவது, எதையாவது வைத்து. ஓங்கிய கை ஸ்டியரிங்கின் நடுவில் விழுந்தது.

ஒரே ஒரு தடவை.

சிவப்பு விளக்குகள் நகர்ந்தன.